அஃறிணைக்குக் கடன் உண்டோ?

தமிழ் இலக்கணம் உலகத்துப் பொருள்களையெல்லாம் உயர்திணை, அஃறிணை என இரு கூறாக வகுத்தது. மக்களை உயர்திணை என்றும் அவரல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் தொல்காப்பியம் தொட்டே நாம் கற்றும் கற்பித்தும் வருகிறோம். வகுப்பறையில் இப்பாடத்தை நடத்துங்கால், திணையை முடித்துப் பால், எண், இடம் என விரைந்து செல்வதே வழக்கம். ஆயினும் இப்பாகுபாட்டினுள்ளே ஓர் அறவினாவும் அடங்கிக் கிடக்கிறது. மக்களுக்கு நாம் கடன்பட்டவர்கள் என்பதில் ஐயமில்லை. அஃறிணையுள் அடங்கிய பசுவுக்கும் பறவைக்கும் கடன்பட்டவர்கள் என்பதையும் பெரும்பாலோர் ஒப்புவர். காய்த்த மரத்தை வெட்டக் கூசுகின்ற உள்ளங்களும் நம்மிடையே உள. உயிரே இல்லாததும், மனிதன் தானே செய்து தானே விலைகொடுத்து வாங்கியதுமான ஒரு கருவிக்கு நாம் கடன்பட்டவர்களா? அது பழுதுற்றால் சீர்செய்வது நம் கடமையா, அன்றி விருப்பம்போல் செய்யவும் விடவும் தக்கதொரு செயலா?

இவ்வினாவைப் பெரிய பொருளொன்றை முன்வைத்து ஆராய்வதில் ஓர் இடர் உண்டு. கோயில் தேரின் அச்சு முறிந்தால் ஊரே திரண்டு சீர்செய்யும். அங்கே இறையன்பு கலந்துவிடுகிறது. பாட்டனாரின் கைக்கடிகாரம் நின்றுபோனால் எவ்வளவு செலவானாலும் ஓடச் செய்வோம். அங்கே நினைவு கலந்துவிடுகிறது. ஆதலால் பற்றும் பக்தியும் கலவாத சிறு பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஏழெட்டு ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த மடிக்கணினி. அதன் விசைப்பலகையிலிருந்து கழன்று விழுந்த ஒரே ஒரு விசை. விரல்நுனி அளவே உள்ள அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் குப்பையிற் போடுவதா, மீண்டும் பொருத்துவதா?

பொருத்துவது எங்ஙனம் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். செயலின் தன்மை அறியாமல் அதன் அறத்தை எடைபோட இயலாது. மடிக்கணினியின் விசை ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தால் மூன்று உறுப்புகள் புலப்படும். மேலே, எழுத்துப் பொறித்த மூடி. அதன் கீழே, பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று குறுக்கே தழுவி நிற்கும் இரு மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்கள். கத்தரிக்கோல்போல் மடங்கி விரியும் இவையே மூடியைச் சாயாமல் ஏற்றி இறக்குகின்றன. நடுவே ஒரு சிறு ரப்பர் குமிழ். குமிழுக்கும் அடியில், மின்னோட்டம் பாயும் கோடுகள் தீட்டிய இரு படலங்களும் அவற்றைப் பிரித்து வைக்கும் துளையிட்ட படலம் ஒன்றும் உள்ளன. விரல் அழுத்தக் குமிழ் அமுங்குகிறது. மேற்படலம் துளை வழியே கீழ்ப்படலத்தைத் தொடுகிறது. கணினி எழுத்தை அறிந்துகொள்கிறது. விரலை எடுத்ததும் குமிழ் தானே நிமிர்ந்து மூடியை மேலே தள்ளிவிடுகிறது.

இதனால் விளங்கும் உண்மை ஒன்றுண்டு. மூடி கழன்றதனாலேயே எழுத்து அழிந்துவிடுவதில்லை. வெறுங்குமிழை விரல்நுனியால் அழுத்தினாலும் எழுத்து திரையில் தோன்றும். ஆயின் விரல் ஒவ்வொரு முறையும் குமிழைத் தேடிப்போக வேண்டும். எழுதுபவன் கருத்தைவிட்டுக் குழியைப் பார்க்க நேரும். செர்மானிய மெய்யியலாளர் மார்ட்டின் ஐடெகர் 1927-இல் வெளியிட்ட 'இருப்பும் காலமும்' என்னும் நூலில், கருவி செவ்வனே இயங்கும்வரை நம் கவனத்திற்கு வருவதில்லை என்றும், பழுதுறும்போதே அது தன்னைக் காட்டிக்கொள்கிறது என்றும் விளக்கினார். அவர் சுட்டியது சுத்தியலை. விசைக்கும் அது முற்றும் பொருந்தும்.

இனிப் பொருத்தும் முறை. மின்னிணைப்பைத் துண்டித்துக் கணினியை அணைத்தபின், குழியிலுள்ள தூசியையும் உணவுத் துணுக்கையும் மென்மையான தூரிகையால் நீக்க வேண்டும். மூடியின் அடிப்புறக் கொக்கிகளும் சட்டங்களின் முனைகளும் முறியாமல் இருக்கின்றனவா என வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். சட்டங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்து, அடித்தகட்டின் சிறு கொக்கிகளில் மாட்டி, அவற்றின்மேல் மூடியை நேராக வைத்து மெல்ல அழுத்தினால், சிற்றொலியுடன் அது தன்னிடத்தில் அமர்ந்துவிடும். இடைவெளி விசை, நுழைவு விசை போன்ற நீண்டவற்றிற்கு, சாயாமல் தாங்கும் மெல்லிய கம்பி ஒன்றும் இருக்கும். அதனை முதலில் மாட்டிக்கொள்ள வேண்டும். பணம் வேண்டுவதில்லை. வேண்டுவன கூர்ந்த பார்வை, பொறுமை, அரை மணி நேரம்.

பொறுமை இல்லாதார் கைக்கொள்வது பசை. ஒரு துளி பசையிட்டு மூடியை ஒட்டிவிட்டால் பார்வைக்கு விசைப்பலகை முழுமை பெற்றுவிடும். கடையில் விற்கவும் வசதி. ஆனால் அசையாமல் ஒட்டப்பட்ட விசை விசையன்று. கழன்ற நிலையிலாவது குமிழை அழுத்தி எழுதலாம். பசை வழிந்து உறைந்தபின் அதற்கும் வழியில்லை. பழுதை நீக்குதல் வேறு, பழுதின் தோற்றத்தை நீக்குதல் வேறு. பின்னதைச் செய்து விற்பவன் பொய் சொல்லவில்லை என்று வாதிட முடியுமேயன்றி, ஏய்க்கவில்லை என்று வாதிட முடியாது.

ஒரு விசைதானே என எண்ணுவார்க்கு ஒன்று கூறலாம். தமிழ்99 விசைப்பலகையில் ககரம் அமைந்திருப்பது ஆங்கில 'எச்' எழுத்தின் விசையில். அது கழன்றுபோன கணினியில் அமர்ந்து தமிழ் எழுதுபவன் கல்வி, கடமை, காலம், நாகரிகம் என எதையும் தடையின்றி எழுத முடியாது. ஒரு விசையோடு ஒரு வருக்கமே போய்விடுகிறது. இதற்குப் பழுதுபார்ப்போர் கையாளும் உபாயம் ஒன்றுண்டு. எழுத்து விசைகள் ஒரே அளவினவாதலின், அதிகம் பயன்படாத ஒன்றின் சட்டங்களைக் கழற்றி, சட்டம் முறிந்த விசைக்குப் பொருத்துவர். தமிழ்99-இல் 'இசட்' விசையில் இருப்பது ஔகாரம். ஆண்டு முழுவதும் ஔகாரத்தை எத்தனை முறை எழுதுகிறோம்? அதைக் கழற்றிக் ககரத்திற்குக் கொடுத்துவிடலாம் எனத் தோன்றும். ஆனால் ஔவையாரைப் பற்றிய கட்டுரை எழுதும் நாளில் நம் நீதியின் குறை விளங்கும். மலாய்மொழியில் 'ஸமான்' என எழுதப் புகும் மாணவனும் அன்றே முறையிடுவான். சிறுபான்மையினரிடம் பறித்துப் பெரும்பான்மையினர்க்கு ஈயும் நியாயம் விசைப்பலகையிலும் வந்து நிற்கிறது!

தமிழ் எழுத்துக்கு விசை அமைத்த வரலாறும் நம் மண்ணோடு தொடர்புடையதே. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவிற்கு வந்து சிங்கப்பூரிற் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்களே தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய முன்னோடி. ஆங்கிலத்திற்கென அமைந்த சில பத்து விசைகளுக்குள் 247 எழுத்துகளை அடக்கும் அரும்பணியில், அழுத்தினால் குறி பதிந்தும் உருளை நகராத 'நகரா விசை'யைப் பயன்படுத்தியது அவர்தம் நுட்பம். அப்பொறிகளில் விசைக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள நெம்புகோல்கள் அனைத்தும் கண்ணுக்குத் தெரிந்தன. எந்தக் கோல் வளைந்தது, எங்கே எண்ணெய் வற்றியது எனப் பயன்படுத்துவோரே கண்டுகொள்ளலாம். இன்றைய மடிக்கணினியில் நம் கண்ணுக்கும் கைக்கும் எஞ்சியிருக்கும் மிகச் சில பகுதிகளுள் ஒன்று விசைமூடி. மற்றவை மூடிய பெட்டிக்குள் போய்விட்டன.

சீர்செய்தலைக் கருமித்தனம் என இகழ்வாரும் உளர். அவர் கூற்றை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. சம்பளம் மணிக்கணக்கில் அளக்கப்படும் நாட்டில், அரை மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் துண்டோடு போராடுவது நட்டமே என்பது ஒரு கணக்கு. முப்பது பயிற்றேடுகள் திருத்தக் காத்திருக்கையில் ஆசிரியர் ஒருவர் விசையோடு மல்லாடிக்கொண்டிருந்தால் அது கடமையாகுமா? ஆகாதென்றே நானும் கூறுவேன். எந்தக் கடமையும் மற்றக் கடமைகளின் நடுவேதான் நிற்கிறது. ஆனால் இக்கணக்கைக் கூறுவோர் பலர், மிச்சமான அரை மணியைப் பயிற்றேட்டுக்குச் செலவிடுவதில்லை. புதுக்கணினியின் விலைப்பட்டியலைப் பார்ப்பதிலேயே அது கழிந்துவிடுகிறது. கருமி பொருளைப் பயன்படுத்தாமல் காப்பவன். சீர்செய்பவனோ பயன்படுத்துவதற்காகவே காப்பவன். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருப்பதால் மட்டும் ஒன்றாகிவிடா.

சரி, கடன் என்றே கொள்வோம். யாருக்கு? கருவிக்கேயா?

கருவிக்கே என்பதுபோல நம் மரபு நடந்துகொள்வதுண்டு. ஆயுத பூசையன்று கருவிகளைத் துலக்கிச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். சப்பானில் பிப்ரவரி 8-ஆம் நாள், சில பகுதிகளில் டிசம்பர் 8-ஆம் நாள், முறிந்த ஊசிகளை மென்மையான தோஃபுவில் குத்திவைத்து, உழைத்து ஓய்ந்தமைக்காக நன்றி கூறும் சடங்கு உண்டு. இவை நெஞ்சைத் தொடுவன. ஆயினும் ஊசிக்கு நன்றி விளங்குவதில்லை, விசைக்கு நோவதில்லை. துன்பம் அறியாத பொருளுக்கு உரிமை உண்டென்பது, உரிமை என்னும் சொல்லின் எடையையே குறைத்துவிடும். உரிமை மறுக்கப்பட்ட மனிதர் பலர் இருக்க, அச்சொல்லைக் கருவிக்கு வழங்க எனக்கு மனம் வரவில்லை.

இமானுவேல் கான்ட் 1797-இல் வெளியிட்ட அறவியல் நூலில் வேறொரு விடை கிடைக்கிறது. உயிரற்றவையேயாயினும் இயற்கையின் அழகிய பொருள்களை வீணே அழிக்கும் மனப்போக்கு, மனிதன் தனக்குத் தானே ஆற்ற வேண்டிய கடனுக்கு மாறானது என்கிறார் அவர். பொருளுக்கு இழைக்கும் தீங்கைவிட, அழிப்பவனுடைய நெஞ்சு மரத்துப்போவதே அவர் கண்ட கேடு. இதனைக் கருவிக்கும் நீட்டிக்கொள்ளலாம். ஆயினும் இவ்விடையிலும் குறையுண்டு. என் பண்பைக் காத்துக்கொள்ளவே விசையைப் பொருத்துகிறேன் என்றால், அது கண்ணாடி முன் நின்று செய்யும் அறமாகிவிடுகிறது. வேறு எவரும் அங்கே இல்லை.

தோட்டப்புறத்தில் பால் வெட்டியவர்கள் இவ்வினாவை வேறு வகையில் அறிந்திருந்தனர். பால்வெட்டுக் கத்தியை நாள்தோறும் தீட்டினர். கத்தி மழுங்கினால் பட்டை சிதையும். அளவுமீறி ஆழமாக இறங்கினால் மரத்திற்குக் காயம். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை செம்மையாக வளராது. சில ஆண்டுகள் கழித்து அதே மரத்தில் வெட்ட வருபவர்க்குப் பால் குறையும். கத்தியைப் பேணியது கத்திக்காக அன்று. அந்தக் கத்தி தொடப்போகும் மரத்திற்காக, அந்த மரத்தை நம்பி வாழப்போகும் அடுத்தவருக்காக. கருவி என்பது இருவர்க்கிடையே நிற்கும் ஒன்று. நமக்கும் நமக்குப் பின் வருவார்க்கும் இடையே அது நிற்கிறது என்று கண்டால் கடன் யாருக்கு என்பதும் தெளிவாகும்.

2020-ஆம் ஆண்டு இதனை நமக்குக் கண்கூடாகக் காட்டியது. மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 8-ஆம் நாள் சிங்கப்பூரில் மாணவர் அனைவரும் வீட்டிலிருந்தே கற்கத் தொடங்கினர். கணினி இல்லாத வீடுகள் எத்தனை என்பது அப்போதுதான் பலர்க்கு உறைத்தது. தொண்டர்கள் பழைய மடிக்கணினிகளைத் திரட்டிச் சீர்செய்து வசதியற்ற மாணவர்க்கு வழங்கினர். போற்றத்தக்க பணி. அலமாரியில் உறங்கிய கணினியை எடுத்து, துடைத்து, பையிலிட்டு அனுப்பும்போது கொடுப்பவர் நெஞ்சு நிறைந்திருக்கும். அந்தக் கணினியில் ஒரு விசை இல்லையென்றால்?

நமக்கு அது சிறு குறை. நமக்கு வேறொரு கணினி இருக்கிறது. அதனாலன்றோ இதைக் கொடுத்தோம்! பெறுகின்ற பிள்ளைக்கு அதுவே ஒரே கணினி. ஆசிரியர் திரைவழி வினவும்போது வகுப்பே விடை எழுதி முடித்துவிட, அப்பிள்ளை குழியில் குமிழைத் தேடிக்கொண்டிருக்கும். எழுத்து விடுபட்ட விடைத்தாளைப் பார்க்கும் ஆசிரியர் பிழை எனக் கோடிடுவார். விசையில்லை என்பது அவர்க்கெங்ஙனம் தெரியும்? இலவசமாகப் பெற்றதைக் குறைகூறப் பிள்ளையும் நாணும், பெற்றோரும் நாணுவர். நாளடைவில், மெதுவாக எழுதுவது தன் இயல்பு, தன் திறமைக்குறைவு என்றே அப்பிள்ளை எண்ணத் தொடங்கவும் கூடும். ஈகை என்பது நமக்கு வேண்டாததை வெளியேற்றும் வழியாகிவிட்டால், பெறுபவன் நம் குப்பைத்தொட்டியாகிறான். இது கடுஞ்சொல்லே, ஆயினும் இதனினும் மென்மையான சொல் எனக்குக் கிட்டவில்லை. கொடுப்பதற்குமுன் விசையைப் பொருத்திக் கொடுப்பது ஈகையின் மேலதிகச் சிறப்பன்று. அஃது ஈகையின் பகுதி.

கொடுக்காமல் எறிந்துவிட்டாலும் பொருள் மறைந்துவிடுவதில்லை. ஐக்கிய நாட்டு அமைப்புகளின் கணக்கின்படி, 2022-இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறையாகத் திரட்டி மறுபயனாக்கப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. எஞ்சியதில் ஒரு பகுதி கடல்கடந்து வேறொருவர் முற்றத்திற்குச் செல்கிறது. சட்டத்திற்குப் புறம்பாக வந்த மின்கழிவுக் கொள்கலன்கள் மலேசியத் துறைமுகங்களில் பிடிபடும் செய்தியை அண்மைய ஆண்டுகளில் படித்தே வருகிறோம். செம்புக்காகக் கம்பியை எரிப்பவனும் அப்புகையைச் சுவாசிக்கும் பிள்ளையும் உயர்திணையே. அஃறிணைப் பொருளைப் பற்றிய நம் முடிவு அவர்களிடம் போய் முடிகிறது.

இங்கே கடன் முழுவதையும் தனிமனிதர் தலையில் சுமத்துவதும் முறையன்று. பொருத்த இயலாதவாறு பொருளைச் செய்தவர் யார்? ஆப்பிள் நிறுவனம் 2015-இல் தன் மடிக்கணினி ஒன்றில் 'பட்டாம்பூச்சி' என்னும் மிக மெல்லிய விசையமைப்பைப் புகுத்தியது. சிறு தூசி புகுந்தாலும் விசை சிக்கிக்கொள்கிறதென முறையீடுகள் எழுந்தன. 2018-இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்த அந்நிறுவனம், 2019-இன் இறுதியில் பழைய கத்தரி அமைப்புக்கே திரும்பியது. இது தொடர்பான வழக்கில் 5 கோடி அமெரிக்க டாலர் தர 2022-இல் உடன்பட்டது. இன்றும் பல மெல்லிய கணினிகளில் விசைப்பலகை மேற்கூட்டோடு பிணைக்கப்பட்டுவிடுகிறது. சில விசைகளின் அடித்தகடு கெட்டால் மேற்கூடு முழுவதையும் மாற்ற வேண்டியதாகிறது. மென்பொருளின் கதையும் வேறன்று. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது. விசைகள் அனைத்தும் செம்மையாக இயங்கும் கணினிகளுங்கூட, புதிய பதிப்பை ஏற்கும் தகுதியில்லாமையால், பலர் பார்வையில் ஒரே நாளில் பழையனவாயின. கட்டற்ற மென்பொருளாகிய லினக்சை நிறுவி அவற்றை மீட்கலாம். எனினும் அதை யாவரும் அறிந்து செய்வர் என எதிர்பார்ப்பதற்கில்லை.

சட்டங்கள் மெல்ல விழித்துவருகின்றன. பொருளைப் பழுதுபார்ப்பது எத்துணை எளிது என மதிப்பெண் இட்டுக் காட்ட வேண்டுமென்னும் விதியைப் பிரான்சு 2021-இல் கொணர்ந்தது. மடிக்கணினியும் அதில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமை குறித்த ஆணையை ஏற்றது. அவ்வளவு தொலைவு போவானேன்? மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்க உற்பத்தியாளர் ஆவன செய்ய வேண்டும் என்கிறது. கிடைக்காதென முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அப்பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளவும் அதுவே இடந்தருகிறது. அறிவிப்பை யார் படிக்கிறார்கள்? சிங்கப்பூரில் 2014 முதல் 'ரிப்பேர் கோப்பித்தியாம்' என்னும் இயக்கத்தில் தொண்டர்கள் அமர்ந்து, பழுதுபட்ட பொருளைக் கொண்டுவருவோர்க்கே சீர்செய்யக் கற்றுக்கொடுத்து வருகின்றனர். கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதே அதில் எனக்குப் பிடித்தது. பொருளை வாங்கிச் சீர்செய்து திருப்பித் தருவதோடு நின்றிருந்தால் அது இன்னொரு கடைதான்.

பள்ளியிலும் இது நடைபெறலாகும். சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளி மாணவர் அனைவர் கையிலும் 2021-இன் இறுதிக்குள் கற்றல் கருவி சேரும்படி செய்யப்பட்டது. கருவியைத் திறந்து பார்க்கவோ அவர்க்கு வாய்ப்புக் குறைவு. கழன்ற விசையை மாணவனிடமே கொடுத்துப் பொருத்தச் சொன்னால் கொக்கியை முறித்துவிடுவானோ என்னும் அச்சம் ஆசிரியர்க்கு இயல்பே. முறித்தால் இழப்பு யாருடையது என்னும் வினாவும் உடன் எழும். இதற்கு எளிய வழி, இனி எவ்வகையாலும் இயங்காதென உறுதியான பழைய விசைப்பலகைகள் இரண்டு மூன்றைப் பயிற்சிக்கென ஒதுக்கி வைப்பது. லோ யாட் பிளாசாவிலோ சிம் லிம் சதுக்கத்திலோ கேட்டுப் பார்க்கலாம். பழுதுபார்க்கும் கடைக்காரர் சிலர் இத்தகையவற்றை உதிரி விசைகளுக்காகச் சேர்த்து வைத்திருப்பர். மாணவர் முதலில் அவற்றில் கழற்றியும் மாட்டியும் பழகட்டும். நான்கைந்து கொக்கிகள் முறியும். அவற்றை மேசைமேல் வைத்து, எந்தப் பக்கம் அழுத்தியதால் முறிந்தது என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் செய்யலாம். பயன்பாட்டில் உள்ள கணினியை அதன்பிறகு கையில் கொடுக்கலாம்.